டீ கொடுத்து உட்கார வைக்கும் மசாலா கடைக்காரரை நம்பலாமா? - இஸ்தான்புல் சந்தையில் 12 நாள்

இஸ்தான்புல்லில் இறங்கிய இரண்டாவது நாளே நான் ஏமாந்துபோனேன்.

அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். "துருக்கி போறியே, நல்ல குங்குமப்பூ வாங்கிட்டு வா" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கு எந்த அறிவியல் ஆதாரமும் கிடையாது என்று வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தாச்சு. "சரி, பால்ல வாசனைக்குப் போட்டுக்கறோம். நீ வாங்கிட்டு வா" என்பதுதான் பதில்.

எமினோனு படகுத்துறையில் இறங்கினால் எதிரே பெரிய மசூதி. அதை ஒட்டி, உலகமே போட்டோ எடுத்துப்போடும் அந்த மசாலா சந்தை. உள்ளே நுழைந்தவுடன் கோபுரம் கோபுரமாகக் குவித்த மஞ்சள், சிவப்பு, பச்சைப் பொடிகள். ஒரு குவியலில் 'துருக்கி குங்குமப்பூ' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நம்ம ஊரில் ஒரு கிராம், அரை கிராம் என்று குட்டி டப்பாவில் அடைத்துப் பூட்டிய அலமாரிக்குள் வைத்திருக்கும் பொருளை, இங்கே கரண்டியால் அள்ளிப் போட்டார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'செம டீல்' என்று நினைத்து 50 கிராம் வாங்கினேன்.

அன்று ராத்திரி, நான் தங்கியிருந்த தோழியின் வீட்டில் பெருமையாகப் பாக்கெட்டைப் பிரித்தேன். அவள் அங்கே முதுகலை படிக்கிறாள், இரண்டு வருடமாக இஸ்தான்புல்வாசி. ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போட்டாள். போட்ட நொடியே தண்ணீர் ஆரஞ்சாகிவிட்டது. வாசனை? சுத்தமாக இல்லை.

"எங்க ஆளுகிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள்.

'எங்க ஆளு' யார் என்று அடுத்த நாள் காலை தெரிந்தது. இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதுதான். அவரைப் போன்ற ஒருவர் இல்லாமல் இந்தச் சந்தையில் நல்ல மசாலா வாங்குவது ஏன் கஷ்டம் என்பதைப் பற்றியதும்.

வெள்ளைத் தாளில் கொட்டிய பூ

கூட்டம் நெரியும் அந்தக் கூரை போட்ட சந்தைக்குள் அவருடைய கடை இல்லை. அதன் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தால் ஹசிர்ஜிலார் என்றொரு குறுகலான தெரு. பாய் முடைபவர்கள் தெரு என்று அர்த்தம். இப்போது பாய் இல்லை. சீஸ், ஆலிவ், உலர்பழம், பாத்திரம், மசாலா. உள்ளூர்க்காரர்கள் சாமான் வாங்க வருவது பெரும்பாலும் இந்தத் தெருவுக்குத்தான். வறுத்த காப்பிக்கொட்டை வாசனை தெரு முழுக்க நிற்கும். 1871 முதல் காப்பித்தூள் விற்கும் குருகாவேஜி மெஹ்மத் எஃபெண்டி கடை அந்த முனையில்தான் இருக்கிறது. அதன் முன்னால் எப்போது போனாலும் க்யூ.

அறுபது வயசு இருக்கும். வெள்ளை மீசை. எல்லோரும் 'உஸ்தா' என்று கூப்பிடுகிறார்கள். தொழிலில் கைதேர்ந்தவர் என்று பொருள். நம் ஊரில் சங்கீத வித்வான்களைச் சொல்லும் 'உஸ்தாத்' இதற்கு உறவுதான். சொந்த ஊர் தென்கிழக்கே, சிரியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் உர்ஃபா.

என் பாக்கெட்டை வாங்கி ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். மோந்துகூடப் பார்க்கவில்லை. "அஸ்பிர்" என்றார். அதாவது குசும்பா. நம்ம ஊரில் எண்ணெய்க்காகப் பயிரிடும் அதே செடியின் பூ இதழ். துருக்கியில் இதைச் சோற்றுக்கும் சூப்புக்கும் நிறத்துக்காகப் போடுவார்கள். அது தப்பான பொருள் இல்லை, பெயர்தான் தப்பு.

அவர் காட்டிய வித்தியாசம் ரொம்ப எளிது. அசல் குங்குமப்பூ இதழ் இல்லை. பூவுக்கு நடுவே இருக்கும் சூலக முடி. ஒரு பூவுக்கு மூன்றே இழை. கைப்பட எடுக்க வேண்டும். ஒரு கிலோ சேர்க்க சுமார் 1.5 லட்சம் பூ தேவை. அந்த இழையின் ஒரு நுனி ஊதுகுழல் மாதிரி விரிந்திருக்கும். தண்ணீரில் போட்டால் நிறம் அவசரப்படாமல், மெதுவாகப் பொன் மஞ்சளாக இறங்கும். இழை சிவப்பாகவே இருக்கும். என் பாக்கெட்டில் இருந்தது காய்ந்த, நொறுங்கிய, ஆரஞ்சு இதழ்த்துணுக்கு.

"யாருக்கு வாங்கினே?" என்று கேட்டார். அக்காவுக்கு, மாசமா இருக்கா என்று தோழி துருக்கியில் சொன்னதும் அவர் முகம் மாறியது. தாளை மடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றார். பிறகு தேடிப் பார்த்தேன். சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் குசும்பாப் பூவைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். 'மலிவா கிடைச்சுது' என்று நான் குதூகலமாக வாங்கிய பொருள், அக்காவின் பால் டம்ளருக்குப் போயிருக்கும்.

சரி, அசலைக் கொடுங்க என்றேன். அலமாரியிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்தார். ஈரான் சரக்கு. திறந்து அவரே மோந்து பார்த்தார், மூடினார். "இது போன வருஷ அறுவடை. வாசனை இறங்கிடுச்சு. இப்போ செப்டம்பர். அடுத்த மாசக் கடைசியில புதுப் பூ வரும். நீ இருப்பியா?" இருக்க மாட்டேன். வடக்கே சஃப்ரான்போலு என்றொரு ஊர் இருக்கிறது. குங்குமப்பூவின் பெயரையே சுமக்கும் ஊர், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பழைய நகரம். அந்தப் பக்கம் இன்னமும் கொஞ்சம் விளைகிறது. ஆனால் அங்கேயும் அறுவடை அக்டோபர், நவம்பரில்தான்.

கடைசியாக அவர் கேட்ட கேள்விதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. "நீ இந்தியாதானே? காஷ்மீர்ல கிடைக்காததா இங்க கிடைக்கப்போகுது?"

2020-லேயே புவிசார் குறியீடு வாங்கிய காஷ்மீர் குங்குமப்பூவை விட்டுவிட்டு, விமானம் ஏறி வந்து குசும்பா வாங்கியிருக்கிறேன்!

டப்பாவை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். விற்கவில்லை. அதற்குப் பதிலாக டீ வந்தது.

ஏன் எல்லோருக்கும் ஒரு 'எங்க ஆளு'?

உஸ்தாவின் தொழிலுக்குத் துருக்கியில் 'அக்தார்' என்று பெயர். மசாலா, மூலிகை, நாட்டு மருந்துச் சரக்கு விற்பவர். நம்ம நாட்டு மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அரபியில் வாசனைப் பொருள் வியாபாரியைக் குறிக்கும் 'அத்தார்' என்ற சொல்தான் அக்தார் ஆகியிருக்கிறது. நம் வீட்டில் புழங்கும் 'அத்தர்' பாட்டிலும் அதே குடும்பம். இஸ்தான்புல்லில் யாரிடம் பேசினாலும் 'என் அக்தார்' என்று ஒருவரைச் சொல்கிறார்கள். நாம் 'எங்க டெய்லர்', 'எங்க பால்காரர்' என்று சொல்வது மாதிரி.

இதைச் சும்மா பாசம் என்று விட்டுவிட முடியாது. மசாலா ஒரு விநோதமான சரக்கு. காய்கறியை அழுத்திப் பார்க்கலாம், துணியை இழுத்துப் பார்க்கலாம். பொடியாக அரைத்துவிட்ட மிளகாயில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. 2021-ல் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் சுமார் 1,900 மசாலா மாதிரிகளைச் சோதித்தது. ஓரிகானோவில் 48 சதவீத மாதிரிகள் கலப்படச் சந்தேகத்துக்கு உரியவை. பெரும்பாலும் கலந்திருந்தது ஆலிவ் இலை. மிளகில் 17, சீரகத்தில் 14, குங்குமப்பூவிலும் மஞ்சளிலும் 11 சதவீதம். இது சட்டமும் ஆய்வகமும் கெடுபிடியாக இருக்கும் ஐரோப்பாவின் கதை.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால் சந்தை என்ன ஆகும்? 1970-ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் வியாபாரத்தை வைத்து இதை விளக்கினார். நல்லது எது, கெட்டது எது என்று தெரியாதபோது வாங்குபவர் நல்ல விலை கொடுக்கத் தயங்குவார். நல்ல சரக்கு வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் ஒதுங்குவார். மிச்சம் இருப்பது மட்டமான சரக்கு. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நான் குங்குமப்பூ வாங்கிய விதத்தைப் பார்த்திருந்தால் உதாரணத்துக்குக் கார் தேடியிருக்க மாட்டார்.

இன்னொருவர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், மானுடவியலாளர். அவர் உட்கார்ந்து கவனித்தது துருக்கியில் அல்ல, மொராக்கோவின் செஃப்ரூ என்ற ஊர் பஜாரில். 1978-ல் வெளிவந்த கட்டுரையில் அவர் சொன்னது இந்தத் தெருவுக்கும் பொருந்துகிறது. பஜாரில் உண்மையிலேயே அரிதான சரக்கு தகவல்தான். எது நல்லது, எது நியாய விலை, யாரை நம்பலாம் என்று ஒவ்வொரு முறையும் ஊர் முழுக்க அலைந்து தெரிந்துகொள்ள முடியாது. அதனால் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். பேரமும் நடக்கும், சண்டையும் நடக்கும். ஆனால் அடுத்த வாரமும் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதால் இரண்டு பக்கமும் ஓர் எல்லைக்கு மேல் போவதில்லை.

நாம் ஆன்லைனில் வாங்கும்போது ரிவ்யூ பார்க்கிறோமே, அந்த வேலையை இங்கே முகப்பழக்கம் செய்கிறது.

போணி, கொசுறு, அண்ணா, அக்கா

உஸ்தாவின் கடைக்கு அடுத்த பத்து நாளில் ஏழு தடவை போயிருப்பேன். கடிக்கோயிலிருந்து படகில் எமினோனு வர சுமார் இருபது நிமிடம். வேறு எங்கே போவதென்றாலும் அந்த வழிதான். முதல் நாள் வாடிக்கையாளர். மூன்றாவது நாளிலிருந்து 'கிஸிம்'. 'மகளே' என்று அர்த்தம். துருக்கியர்கள் முன்பின் தெரியாதவரையும் 'ஆபி' (அண்ணா), 'அப்லா' (அக்கா), 'தெய்ஸே' (சித்தி) என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதில் பழக நமக்குப் பயிற்சியே தேவையில்லை. கண்டக்டரையும் 'அண்ணா' என்கிற ஊர்க்காரர்கள் நாம்.

டீ பற்றிச் சொல்ல வேண்டும். பால் கிடையாது. இடுப்பு ஒடுங்கிய குட்டிக் கண்ணாடி கிளாஸ், சாஸர், இரண்டு சர்க்கரைக் கட்டி. உலகத்திலேயே தலைக்கு அதிகமாக டீ குடிப்பவர்கள் துருக்கியர்கள். இந்த டீப் பழக்கத்தை 2022-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்தது. ஒரு பையன் மூன்று கம்பியில் தொங்கும் தட்டைக் கையில் ஆட்டிக்கொண்டு தெரு முழுக்கக் கடைகளுக்கு டீ கொடுத்துக்கொண்டே போவான். ஒரு சொட்டு சிந்தாது. கிளாஸ் காலியானால் அடுத்தது வந்துவிடும். போதும் என்றால் ஸ்பூனை கிளாஸ் மேல் படுக்க வைக்க வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் நான்கு டீ குடித்தேன்.

டீ வாங்கிக் குடித்துவிட்டால் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் சுற்றுலாக் கடைகளில் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தரும் ஆப்பிள் டீ வேறு கதை. உள்ளூர்க்காரர்கள் கடையில் ஆப்பிள் டீ குடித்து நான் பார்க்கவில்லை.

ஒருநாள் காலை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். கால் கிலோ சுமாக் வாங்கினேன். சுமாக் என்பது ஒருவகைப் புளிப்புக் காய். காயவைத்து இடித்த கருஞ்சிவப்புப் பொடி. வெங்காய சாலட்டில் தூவினால் நம்ம மாங்காய்ப் பொடியை ஞாபகப்படுத்தும். காசைக் கொடுத்ததும் உஸ்தா நோட்டைத் தாடையில் தேய்த்துவிட்டுக் கல்லாவில் போட்டார். "சிஃப்தா" என்றார். தோழி விளக்க வாய் திறப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. போணி! நம்ம ஊரில் காலையில் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுதான். 'போணி உன்னால், பெருக்கம் கடவுளால்' என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியமும் சொல்வார்கள். பெருக்கத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் 'பெரெகெத்'. நம்ம பாய் கடைகளில் கேட்கும் 'பரக்கத்' அதுவேதான்.

பழைய காலத்தில், தனக்குப் போணி ஆகிவிட்டால் அடுத்து வருபவரை 'பக்கத்துக் கடைக்கு இன்னும் ஆகவில்லை, அங்கே போங்க' என்று அனுப்புவார்களாம். இந்தக் கதையை அந்தத் தெருவில் இரண்டு பேர் எனக்குச் சொன்னார்கள். இப்போது யாராவது அப்படி அனுப்புகிறார்களா என்று கேட்டேன். இரண்டு பேருமே சிரித்தார்கள்.

அப்புறம் கொசுறு. சுமாக்கைக் கட்டிய பிறகு ஒரு கைப்பிடி காய்ந்த புதினாவைத் தனிக் காகிதத்தில் மடித்து "இது என் கணக்கு" என்று பைக்குள் போட்டார். கறிவேப்பிலை, கொத்தமல்லி நினைவுக்கு வராமல் இருக்குமா?

கடைக்குள் நுழையும்போது 'கோலாய் கெல்சின்' என்று சொல்லிப் பாருங்கள். 'வேலை சுலபமாகட்டும்' என்று அர்த்தம். வேலை செய்துகொண்டிருக்கும் யாரிடமும் சொல்லலாம். வாசலில் இருந்த மருமகன் பையன் என்னைச் சுற்றுலாப் பயணியாகப் பார்ப்பதை நிறுத்தியது இந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகுதான்.

பழக்கம் ஏற்பட்ட பிறகு கிடைக்கும் பெரிய லாபம் விலைக் குறைப்பு இல்லை. தகவல்தான். சுமாக்கில் கெடாமல் இருக்க உப்புப் போடுவார்கள். அதனால் சமையலில் உப்பைக் குறை. மிளகாய்த் துகளில் எண்ணெய் தடவியிருக்கும். பளபளப்பு பார்த்து ஏமாறாதே. வாசலில் கூம்பாகக் குவித்திருப்பது கண்காட்சி. வெயிலும் காற்றும் பட்டு வாசனை போயிருக்கும், உள்ளே மூடிவைத்த சரக்கைக் கேள். 'சலெப்' என்ற ஆர்க்கிட் கிழங்குப் பொடியைக் குளிர்காலத்தில் பாலில் காய்ச்சிக் குடிப்பார்கள். அசலை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஆக, ஏர்போர்ட் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் மாவும் வாசனையும்தான். இதில் எதுவும் எந்த லேபிளிலும் எழுதியிருக்காது.

எனக்குப் பிடித்துப்போனது 'இசோத்', உர்ஃபாவின் மிளகாய். பழுத்த மிளகாயைப் பகலில் வெயிலில் காய வைத்து, ராத்திரியில் மூடிக் கட்டி வேர்க்க விடுவார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்யும்போது சிவப்பு போய்க் கருப்புக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வரும். உறைப்பு கம்மி. உலர்திராட்சை மாதிரி ஓர் அடி இனிப்பும் லேசான புகை வாசனையும் இருக்கும். உஸ்தா இதைப் பற்றிப் பேசும்போது மட்டும் மொழிபெயர்க்க நேரம் கொடுக்க மாட்டார். அவருடைய அம்மா மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்ட கதைக்குள் போய்விடுவார். மொட்டை மாடி, வத்தல், காக்கா விரட்டும் பிள்ளைகள். துருக்கி தெரியாமலே எனக்குப் பாதி புரிந்தது.

கடன் நோட்டு

கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. ஒரு பக்கம் தொந்தியும் தங்கக் காசுமாக ஒருவர்: 'ரொக்கத்துக்கு விற்றவர்'. மறுபக்கம் எலும்பும் தோலுமாகத் தலையில் கைவைத்து ஒருவர்: 'கடனுக்கு விற்றவர்'. துருக்கிக் கடைகளில் தலைமுறைகளாகத் தொங்கும் படம் இது. நம்ம 'கடன் அன்பை முறிக்கும்' போர்டின் சித்திர வடிவம்.

அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் உஸ்தாவின் கடன் நோட்டு இருந்தது.

ரம்ஜான் மாதத்தில் நடக்கும் பழைய ஒட்டோமான் வழக்கம் ஒன்று இந்த நோட்டைச் சுற்றியது. வசதியானவர் ஒருவர், தன்னைத் தெரியாத வட்டாரத்தில் ஒரு கடைக்குள் நுழைந்து கடன் நோட்டைக் கேட்பார். சில பக்கங்களைக் காட்டி, அதில் இருக்கும் மொத்தத் தொகையையும் கட்டிவிட்டு, அந்தப் பக்கங்களைக் கிழிக்கச் சொல்லிப் போய்விடுவார். யாருடைய கடன் என்று கொடுத்தவருக்குத் தெரியாது. கொடுத்தது யாரென்று கடன்பட்டவருக்கும் தெரியாது. 'ஸிமெம் தெஃப்தெரி' என்பார்கள். இன்றும் அங்கங்கே நடக்கிறது. உஸ்தாவின் நோட்டிலும் ஒருமுறை நடந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் பெருமைப்பட்டது வந்தவரைப் பற்றியல்ல. "எவ்வளவு பேருக்குக் கடன் கொடுத்திருக்கேன் பாருன்னு அன்னிக்குத்தான் என் மனைவிக்குத் தெரிஞ்சுது" என்று சிரித்தார்.

2022 அக்டோபரில் துருக்கியின் ஆண்டுப் பணவீக்கம் அதிகாரபூர்வக் கணக்குப்படியே 85 சதவீதத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில் கடன் கொடுப்பது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். போன மாதம் கொடுத்த சீரகத்துக்கு இந்த மாதம் வரும் காசில் அதே அளவு சீரகத்தைக் கொள்முதல் செய்ய முடியாது. அந்த வருடம் நோட்டை மூடிவிட்டீர்களா என்று கேட்டேன். புதுப் பெயர்களைச் சேர்ப்பதை மட்டும் நிறுத்தினாராம். பழைய ஆட்களை? "அவங்க எங்க போவாங்க?"

கூரைக்கு உள்ளே, கூரைக்கு வெளியே

அந்தப் பெரிய சந்தையின் உள்ளூர்ப் பெயர் 'மிசிர் சார்ஷிசி', எகிப்துச் சந்தை. நான்காம் மெஹ்மத் சுல்தானின் தாயார் துர்ஹான் சுல்தான் 1660-களில் பக்கத்து மசூதியோடு சேர்த்துக் கட்டி முடித்தது. கடை வாடகையில் மசூதியைப் பராமரிப்பது ஏற்பாடு. நம்ம கோயில் கடைவீதி மாதிரிதான். எகிப்து என்ற பெயர் ஏன்? ஒட்டோமான்கள் 1517-ல் எகிப்தைப் பிடித்த பிறகு, கிழக்கிலிருந்து வந்த மிளகும் மசாலாவும் கெய்ரோ வழியாகத்தான் இஸ்தான்புல்லுக்கு ஏறின. எகிப்தின் வரிப்பணத்தில் கட்டியதால் இந்தப் பெயர் என்றும் சொல்வார்கள்.

அந்தக் கிழக்கில் நாமும் உண்டு. துருக்கியில் இஞ்சிக்கு 'ஸென்ஜெஃபில்'. நம்ம 'இஞ்சி வேர்' பாலி, பாரசீகம், அரபி என்று கை மாறிப் போய் இப்படி ஆகியிருக்கிறது என்பதுதான் மொழியியலாளர்கள் பலரின் கருத்து. புளிக்கு 'தெமிர்ஹிந்தி'. அரபியில் 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் 'தமர் ஹிந்தி', துருக்கிக் காதில் விழுந்தபோது 'தெமிர்', அதாவது இரும்பு ஆகிவிட்டது. ஆக, நம்ம புளி அங்கே 'இரும்பு இந்தியன்'. உஸ்தா ஒரு நாள் முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

இன்று அந்தக் கூரைக்குக் கீழே மசாலாவைவிட லோகும் என்ற மிட்டாய்ப் பெட்டிகளும், 'காதல் டீ', 'சுல்தான் மசாலா' போர்டுகளும்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. ஒரே முறை வந்து போகும் கூட்டத்துக்கு அதுதான் ஓடும். அகெர்லாஃபும் கீர்ட்ஸும் சொன்னதன் மறுபக்கம் இது. திரும்பி வர மாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் நேர்மையாக இருக்க வியாபாரக் கணக்கில் காரணம் கம்மி.

அப்போ, எனக்கு ஏன்?

இதுதான் என்னைக் கடைசி நாள் வரை உறுத்தியது. நானும் திரும்பி வரப்போகிறவள் இல்லையே. என்னை ஏன் ஏமாற்றவில்லை?

கொஞ்சம் குரூரமாகவே கணக்குப் போட்டேன். அவருடைய கடையில் நான் மொத்தம் செலவழித்தது, அந்தக் குசும்பாவுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஒரு குங்குமப்பூ டப்பாவை விற்காமல் விட்டதால் இசோத், சுமாக், புதினா, கருஞ்சீரகம், வீட்டில் யாருக்கும் எதற்கென்றே தெரியாத செர்ரிக் கொட்டைப் பொடி எல்லாம் விற்றுவிட்டார். விற்க மறுப்பதுகூட ஒரு நல்ல விற்பனை உத்தி என்று எங்கள் மார்க்கெட்டிங் டீம் சொல்லும். தோழியோ, "நீ என்கூட வந்தே. உன்னை ஏமாத்தினா நான் வர மாட்டேன்ல?" என்று எளிதாக முடித்துவிட்டாள். அதுவும் சரிதான்.

கிளம்பும் நாளில் நேராகவே கேட்டேன், மருமகன் பையனை மொழிபெயர்க்க வைத்து. அவனுக்குக் கூச்சம், இரண்டு தடவை கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது. உஸ்தா நெற்றியைச் சுருக்கினார். "வியாபாரத்துக்குத்தான் டீ கொடுக்கறேன். இதுல என்ன ரகசியம்?" என்றார். பிறகு, "ஆனா உங்க அக்கா வியாபாரம் இல்லையே" என்றார்.

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. என் மசாலாவையெல்லாம் காற்றுப் போகாமல் உறையிட்டுக் கொடுத்தார். அவர் பங்குக்கு ஒன்று கேட்டார்: கடையில் இருப்பது வியட்நாம் மிளகு. உலகத்திலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு இப்போது அதுதான். முந்நூறு வருடத்துக்கு முன்னால் இந்தச் சந்தைக்கு எங்கிருந்து மிளகு வந்ததோ அந்தப் பக்கத்து மிளகை ஒரு தடவை மோந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பொங்கல் விடுமுறைக்கு வந்த தோழியிடம் கால் கிலோ கொல்லிமலை மிளகு கொடுத்து அனுப்பினேன். அம்மா இருபது வருடமாகச் சாமான் வாங்கும் எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் வாங்கியது. அக்காவின் பாலுக்கு? காஷ்மீர் குங்குமப்பூ, அதே அண்ணாச்சி வரவழைத்துக் கொடுத்தது, ஒரு கிராம்.

இரண்டு வாரம் கழித்து தோழியிடமிருந்து வாய்ஸ் நோட். உஸ்தா மிளகைக் கையில் நசுக்கி மோந்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். பிறகு தெருவில் இருக்கும் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு ஆளுக்குப் பத்துப் பத்து மணி கொடுத்தாராம். காசுக்குக் கொடுங்க என்று ஒருவர் கேட்டதற்கு, இது விற்க இல்லை என்றாராம். மீதியைக் கண்ணாடி ஜாடியில் போட்டுக் கல்லா பக்கத்தில் வைத்திருக்கிறார். அதற்கு முன்னால், பாக்கெட் வந்து சேர்ந்த உடனே, பழக்க தோஷத்தில் தராசில் வைத்துப் பார்த்தாராம்.

238 கிராம்.

"உங்க ஊர் ஆளு 12 கிராம் அடிச்சிருக்காருன்னு சொல்லச் சொன்னார்" என்று சிரித்துக்கொண்டே முடித்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு அம்மாவுக்குக் கேட்க வைத்தேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அண்ணாச்சி அப்படியெல்லாம் பண்ண மாட்டாரு. மிளகு காய்ஞ்சு எடை குறைஞ்சிருக்கும். அந்த துருக்கிக்காரர் தராசை முதல்ல சரி பார்க்கச் சொல்லு."